ஆட்கள் போன பிறகு சட்டம் வந்து என்ன பயன்? ஃபீமா மசோதா பற்றி ஒரு பேச்சு

கேரி குமரன் · 14 டிசம்பர் 2025, காலை

வியாழக்கிழமை ஒரே நாளில் இரண்டு செய்திகள். பாஸ்டனில் நீதிபதி ரிச்சர்ட் ஸ்டெர்ன்ஸ், பேரிடர் வருவதற்கு முன்பே தடுப்பு வேலைகளுக்குப் பணம் தரும் 'பிரிக்' திட்டத்தை, அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா நிறுத்தியது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார். ஃபீமாவின் எதிர்காலத்தைப் பற்றிப் பரிந்துரை சொல்ல வேண்டிய மறுஆய்வுக் குழு அன்றைக்குக் கூடியிருக்க வேண்டும். கடைசி நேரத்தில் கூட்டம் ரத்து.

நான் இருப்பது வட கரோலினா. எங்கள் ஊருக்கு ஹெலீன் புயலால் பெரிய சேதம் இல்லை. மேற்கே நாலு மணி நேரம் காரில் போனால் ஆஷ்வில். 2024 செப்டம்பர் கடைசியில் ஸ்வானனோவா ஆறு ஊருக்குள் வந்தது. அதற்குப் பிறகு 53 நாள் அங்கே குழாயில் குடிக்கத் தகுந்த தண்ணீர் இல்லை. நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து தண்ணீர் கேன்களும் டயப்பரும் ஏற்றிக்கொண்டு இரண்டு முறை போய்வந்தோம். அதிலிருந்துதான் இந்த ஃபீமா விவகாரத்தை விடாமல் படிக்கிறேன்.

இப்போது காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், இருக்கும் முக்கியமான மசோதா 'ஃபீமா சட்டம் 2025', எண் 4669. மிசௌரியின் சாம் கிரேவ்ஸ் குடியரசுக் கட்சி, வாஷிங்டன் மாநிலத்தின் ரிக் லார்சன் ஜனநாயகக் கட்சி. இருவரும் சேர்ந்து ஜூலையில் கொண்டுவந்தார்கள். செப்டம்பர் 3 அன்று குழுவில் 57க்கு 3 என்று தேறியது. இந்தக் காலத்தில் இரண்டு கட்சியும் இப்படி ஒத்துப்போவதைப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். ஃபீமாவை உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிலிருந்து பிரித்து, அமைச்சரவை மட்டத்தில் தனி அமைப்பாக்குவது அதன் முதல் வேலை. பாதிக்கப்பட்டவர் பல இடங்களில் பல படிவம் நிரப்பாமல் ஒரே விண்ணப்பம். பாலத்தையும் பள்ளியையும் முதலில் சொந்தக் காசில் கட்டிவிட்டு ரசீது காட்டி வாங்கும் முறை மாறி, பணம் சீக்கிரம் கைக்கு வரும். நல்லதுதான்.

என் கேள்வி வேறு. ஃபீமாவை விட்டுப் போன ஆட்கள் திரும்ப வருவார்களா? ஜனவரியில் 25,800 பக்கம் இருந்த ஆள்பலம் ஜூன் தொடக்கத்தில் 23,350 பக்கம் வந்துவிட்டது என்று அரசின் தணிக்கை அலுவலகமே எழுதியிருக்கிறது. அதில் பெரியவர்கள், அனுபவசாலிகள் எத்தனை பேரோ. ஒரு சட்டத்தால் இதைச் சரி செய்ய முடியுமா?

வேளச்சேரி வாசி · 14 டிசம்பர், காலை

எனக்கு அடிப்படையிலேயே ஒரு சந்தேகம் குமரன். இந்த ஃபீமா நம் என்டிஆர்எஃப் மாதிரியா? 2015இல் எங்கள் தெருவுக்கு ஆரஞ்சு உடையில் படகு வந்தது, அரக்கோணத்திலிருந்து என்றார்கள். அங்கேயும் அப்படித்தானா?

கவுன்டிக்காரன் · 14 டிசம்பர், மதியம்

வாசி சார், எல்லோரும் செய்யும் தவறு இது. அமெரிக்கர்கள் பாதிப் பேருக்கும் இதே நினைப்புதான். நான் மத்திய மேற்கில் ஒரு சின்னக் கவுன்டியின் (நம் மாவட்டம் மாதிரி) அவசரகால அலுவலகத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். மொத்தம் இரண்டரை ஆள்; அந்த அரை ஆள் பகுதி நேரம்.

படகு ஓட்டி ஆளை மீட்பது உள்ளூர்த் தீயணைப்பு, ஷெரிஃப், மாநிலத்தின் நேஷனல் கார்டு படை. ஃபீமா பணம் கட்டிப் பராமரிக்கும் நகர மீட்புக் குழுக்கள் நாடு முழுக்க 28 இருக்கின்றன. அதிலும் வேலை செய்வது உள்ளூர்த் தீயணைப்பு வீரர்கள்தான். பயிற்சி, உபகரணம், கிளம்பச் சொல்லும் உத்தரவு இதெல்லாம் ஃபீமா. மற்றபடி ஃபீமா என்றால் காசோலை, லாரி, கணக்குப் பிள்ளை. கிண்டலாகச் சொல்லவில்லை. பேரிடரில் முதல் மூன்று நாள் வீரர்களுக்கு. அடுத்த மூன்று வருடம் கணக்குப் பிள்ளைகளுக்கு.

ஆள்பலத்தைப் பற்றிக் குமரன் கேட்டதற்கு வருகிறேன். ஃபீமாவில் மூன்று வகை ஆட்கள். நிரந்தர ஊழியர்கள் ஒரு பக்கம். 'ரிசர்விஸ்ட்' என்பவர்கள் இன்னொரு பக்கம்: சாதாரண நாட்களில் வேறு வேலை அல்லது ஓய்வு, அழைத்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நடுவில் 'கோர்' ஊழியர்கள். இரண்டு வருடம், நாலு வருடம் என்று தவணை முறையில் எடுத்து, திரும்பத் திரும்ப நீட்டிப்பார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் இப்படியே ஓட்டியவர்கள் உண்டு. மொத்த ஆள்பலத்தில் பெரிய பங்கு இவர்கள்தான். எங்கள் மாதிரிக் கவுன்டிக்கு வந்து உட்கார்ந்து, இந்தச் சிறுபாலத்தை எந்தப் பிரிவில் எழுத வேண்டும், எந்தப் படத்தை இணைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது இவர்கள்.

இவர்களை வேலையை விட்டு நீக்கவே தேவையில்லை. தவணை முடியும் நாளில் கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும்.

ஆஸ்டின் அரசு · 14 டிசம்பர், மாலை

இந்த இழையில் ஃபீமாவுக்கு ஒப்பாரி வைக்கிறவர்கள் கத்ரீனா புயலை மறந்துவிட்டார்கள் போல. 2005இல் நியூ ஆர்லியன்ஸில் மக்கள் கூரை மேல் ஏறி நின்றார்கள். அப்போது ஃபீமா தலைவராக இருந்த மைக்கேல் பிரவுன், அதற்கு முன்னால் அரபுக் குதிரை வளர்ப்போர் சங்கத்தில் அதிகாரி. அப்புறம் தங்குவதற்குக் கொடுத்த டிரெய்லர் வீடுகளில் ஃபார்மால்டிஹைடு நச்சு நெடி. போன வருடம் மில்டன் புயலுக்குப் பிறகு ஃபுளோரிடாவில், ட்ரம்ப் ஆதரவுப் பலகை வைத்த வீடுகளைத் தாண்டிப் போகச் சொன்ன மேற்பார்வையாளரை வேலையை விட்டு எடுத்தார்கள். இப்படிப்பட்ட அமைப்புக்கு ஆள் சேர்க்கச் சட்டம் வேறா?

டெக்ஸாஸ் மாதிரி மாநிலத்துக்கு நல்ல பேரிடர் துறை இருக்கிறது. பணத்தை மாநிலத்துக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாஷிங்டன் ஒதுங்கிக்கொள்ளட்டும். இதைச் சொன்னால் உடனே கெட்டவன் ஆகிவிடுகிறேன்.

கவுன்டிக்காரன் · 14 டிசம்பர், மாலை

கெட்டவர் இல்லை அரசு. நீங்கள் சொன்ன மூன்றுமே நடந்தவை. பலகை விவகாரத்துக்குப் பதில் சொல்லும் விதமாகத்தான் 4669 மசோதாவில், அரசியல் சார்பு பார்த்து உதவியை மறுக்கக்கூடாது என்றே எழுதியிருக்கிறார்கள். குடியரசுக் கட்சியினரும் கையைத் தூக்கியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.

ஆனால் டெக்ஸாஸ் டெக்ஸாஸ்தான். 3 கோடிப் பேர், எண்ணெய்ப் பணம். எங்கள் மாநிலத்தைப் போலப் பத்து மாநிலம் சேர்ந்தாலும் அந்த அளவு வராது. பெரிய பேரிடர் என்று குடியரசுத் தலைவர் அறிவித்தால் பொதுச் சொத்துச் சேதத்தில் நூற்றுக்கு 75 பங்காவது மத்திய அரசு தரும். சேதம் மாநிலத்தில் தலைக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு. 2025 நிதியாண்டில் 1.89 டாலர். பெரும்பாலும் அதைத் தாண்டினால்தான் கதவு திறக்கும். அந்த எண்ணைத் தாண்டினோமா என்று காட்டச் சேறு காயும் முன் ஊர் ஊராகப் போய்க் கணக்கு எடுக்க வேண்டும். ஃபீமா ஆட்கள் வந்து எங்களோடு சேர்ந்து எடுப்பார்கள். ஆள் குறைந்தால் அந்தக் கணக்கே தாமதம். என் சம்பளத்தில் பாதியும் ஃபீமா மானியத்தில் வருகிறது. பல சின்னக் கவுன்டிகளில் இதே கதைதான். அது நின்றால் இரண்டரை ஆள் ஒண்ணேகால் ஆள் ஆகிவிடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மே 16 அன்று செயின்ட் லூயிஸில் சுழற்காற்று. பேரிடர் அறிவிப்பு வந்தது ஜூன் 9. மூன்று வாரத்துக்கு மேல் ஒரு நகரத்தின் வடக்குப் பகுதி தார்ப்பாய் போட்டுக்கொண்டு காத்திருந்தது.

ஆஸ்டின் அரசு · 14 டிசம்பர், இரவு

சரி, செயின்ட் லூயிஸ் தாமதத்தை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் அறிவிப்பில் கையெழுத்துப் போட வேண்டியது குடியரசுத் தலைவர். அதற்கும் ஃபீமாவில் எத்தனை பேர் என்பதற்கும் என்ன சம்பந்தம்? ஆளைக் கூட்டினாலும் கையெழுத்து அவர் மேசையில்தானே கிடக்கும்?

சட்டக்கிளி · 14 டிசம்பர், இரவு

ஆஸ்டின் அரசு கேட்டது இந்த இழையிலேயே நல்ல கேள்வி. அதோடு குமரனின் முதல் கேள்விக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கத்ரீனா அவமானத்துக்குப் பிறகு 2006இல் ஒரு சீர்திருத்தச் சட்டம் போட்டார்கள். அதில் இரண்டு விஷயம் இன்றைக்கும் முக்கியம். ஒன்று, ஃபீமா தலைவருக்குப் பேரிடர் மேலாண்மையில் அறிவும் திறமையும் இருக்க வேண்டும், குறைந்தது 5 வருட நிர்வாக அனுபவமும் வேண்டும். குதிரைச் சங்கத்துக்காகவே எழுதிய பிரிவு அது. இரண்டு, உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் ஃபீமாவின் அதிகாரத்தையும் பொறுப்புகளையும் திறனையும் பெரிய அளவில் குறைக்கக் கூடாது. இரண்டும் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன.

நடந்தது என்ன? தலைவரை நியமிக்காமல் 'தற்காலிகப் பொறுப்பு' என்று உட்கார வைத்துவிட்டால் முதல் பிரிவு பல்லிளித்துவிடுகிறது. கேமரன் ஹாமில்டன் மே 7 அன்று காங்கிரஸ் குழு முன்னால் உட்கார்ந்து, ஃபீமாவை ஒழிப்பது மக்களுக்கு நல்லதில்லை என்று சொன்னார். மறுநாள் வேலை போயிற்று. அடுத்து வந்த டேவிட் ரிச்சர்ட்சனும் தற்காலிகம். அவர் நவம்பரில் போனார், டிசம்பரிலிருந்து கேரன் எவன்ஸ், அவரும் அப்படியே. ஒரே வருடத்தில் மூன்று பேர். ஒருவர்கூட செனட் உறுதி செய்த தலைவர் இல்லை.

இரண்டாவது பிரிவு? 'பெரிய அளவில் குறைக்க' என்றால் எவ்வளவு என்று சட்டம் சொல்லவில்லை. ஒவ்வொருவராகப் போனால், தவணை ஒவ்வொன்றாக முடிந்தால், யாரும் 'குறைத்தார்கள்' என்று சொல்ல முடியாது, குறைந்தது, அவ்வளவுதான். நவம்பரில் அரசு முடக்கத்தை முடித்த செலவு மசோதாவில் ஜனவரி 30 வரை ஆட்குறைப்பு கூடாது என்று எழுதினார்கள். அது முறையான ஆட்குறைப்புக்கு. கவுன்டிக்காரர் சொன்ன கோர் தவணைக்கு அது ஒட்டுமா என்று கேட்டால், ஒட்டாது என்று வாதாட எனக்கே பத்து நிமிடம் போதும்.

இன்னொன்று. ஜூனில் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் கிறிஸ்டி நோம், 1,00,000 டாலருக்கு மேல் எந்தச் செலவும் தன் கையெழுத்து இல்லாமல் போகக்கூடாது என்றார். பேரிடரில் அது ஒரு குட்டித் தொகை. ஜூலை 4 டெக்ஸாஸ் வெள்ளத்தில் 130க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நாட்களில் அழைப்பு மைய ஒப்பந்தங்கள் காலாவதியாகிப் பல ஆயிரம் அழைப்புகள் எடுக்கப்படாமல் போயின என்று பத்திரிகைகள் எழுதின. அமைச்சர் மறுத்தார். எது எப்படியோ, ஆஸ்டின் அரசு சார், அங்கே நடுவில் நின்றது குடியரசுத் தலைவர் கையெழுத்து இல்லை. தனி அமைப்பானால் இந்த அடுக்கு ஒன்று போய்விடும். 4669இன் உண்மையான லாபம் எனக்குத் தெரிந்து இதுதான்.

ஆனால் பேரிடர் அறிவிப்பைப் பொறுத்தவரை நீங்கள் சொன்னது சரி. அதை இந்த மசோதாவால் தொட முடியாது.

ரெட்மண்ட் ரேவதி · 15 டிசம்பர், காலை

பிரிக் தீர்ப்பைப் பற்றி யாரும் பேசவே இல்லையே. வழக்குப் போட்ட 20 மாநிலங்களில் எங்களுடையதும் ஒன்று.

நான் 2000இல் சியாட்டிலுக்கு வந்தேன். அடுத்த வருடம் பிப்ரவரி 28 அன்று காலை அலுவலகத்தில் இருக்கும்போது நிலநடுக்கம், 6.8. மேசைக்கு அடியில் புகுந்து பிள்ளையாரப்பா என்று உட்கார்ந்திருந்தேன். அப்போது ஃபீமாவில் 'பிராஜெக்ட் இம்பாக்ட்' என்று ஒரு திட்டம் இருந்தது. கிளிண்டன் காலத்தில் ஃபீமா தலைவராக இருந்த ஜேம்ஸ் லீ விட் கொண்டுவந்தது. சியாட்டில் அதன் முதல் ஊர்களில் ஒன்று. பழைய மர வீடுகளை அடித்தளத்தோடு போல்ட் போட்டு இறுக்குவதற்கு வீட்டுக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இங்கே பழைய வீடு வாங்கும் எவரும் 'போல்ட் அடித்ததா' என்று கேட்பார்கள்; அந்தப் பேச்சு பரவ அந்தத் திட்டமும் ஒரு காரணம்.

சியாட்டில் ஆடிய அதே நாளில்தான் புஷ் அரசின் பட்ஜெட் குறிப்பு வெளியானது. பிராஜெக்ட் இம்பாக்ட் வேண்டாம் என்று அதில் இருந்தது. கதை எழுதினால் நம்ப மாட்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 2018 சட்டத்தில் வந்த பிரிக், அதே யோசனைதான், பெரிய அளவில். நாலு வருடத்தில் ஏறக்குறைய 2,000 பணிகள், 450 கோடி டாலர் பக்கம். ஏப்ரல் 4 அன்று 'வீண், அரசியல்' என்று ஒரே அறிவிப்பில் முடித்தார்கள். தடுப்புக்குப் போடும் ஒரு டாலர் பின்னால் ஆறு டாலரை மிச்சப்படுத்துகிறது என்று தேசியக் கட்டட அறிவியல் நிறுவனம் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறது. பிரச்சினை என்னவென்றால் அந்த ஆறு டாலரை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. விழாத பாலத்துக்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

இப்போது நீதிமன்றம் திருப்பிக் கொடு என்கிறது. கொடுப்பதற்கு அந்த விண்ணப்பங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் மேசையில் இருக்க வேண்டுமே. தீர்ப்புக்கும் ஆள்பலத்துக்கும் சம்பந்தம் அங்கேதான்.

ஆஸ்டின் அரசு · 15 டிசம்பர், காலை

ரேவதி அக்கா, தடுப்புக்குப் பணம் கொடுப்பதில் எனக்கும் சம்மதம்தான். ஆனால் ஒன்று கவனியுங்கள். எங்கள் டெக்ஸாஸின் கெர் கவுன்டி, குவாடலூப் ஆற்றுக்கு எச்சரிக்கை அமைப்பு வைக்க 10 லட்சம் டாலர் கேட்டு ஃபீமா தடுப்பு மானியத்துக்கு விண்ணப்பித்தது. 2017இல் கிடைக்கவில்லை. எட்டு வருடம் கழித்து அதே ஆற்றில்தான் ஜூலை 4 வெள்ளம். ஃபீமா முழு பலத்தோடு இருந்த காலம் அது.

ரெட்மண்ட் ரேவதி · 15 டிசம்பர், காலை

தம்பி, அந்த விண்ணப்பத்தைத் தேர்ந்தெடுக்காதது ஃபீமா இல்லை, உங்கள் மாநிலம்தான். அந்த மானியத்தில் யாருக்கு முன்னுரிமை என்று மாநிலம்தான் பட்டியல் போடும். 'மாநிலத்திடம் கொடுத்துவிடு' என்ற உங்கள் வாதத்துக்கு அது நல்ல உதாரணமா என்று யோசித்துப் பாருங்கள்.

ஆஸ்டின் அரசு · 15 டிசம்பர், மதியம்

தேடிப் பார்த்தேன், அக்கா சொல்வது சரி. அந்த உதாரணத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வாதத்தை இல்லை.

ஹூஸ்டன் மீனா · 15 டிசம்பர், மாலை

எல்லோரும் மேல்மட்டத்திலேயே பேசுகிறீர்கள். நான் வாசற்படியிலிருந்து பேசுகிறேன்.

2017 ஹார்வி புயலில் எங்கள் பகுதியில் மழை நான்கு நாள் விடவில்லை. மாநிலத்தின் கிழக்கே நெடர்லாந்து என்ற ஊரில் 60 அங்குலம் பதிவானது. எங்கள் வீட்டில் முழங்கால் அளவு. வெள்ளக் காப்பீடு இருந்தது, தப்பித்தோம் (அந்தக் காப்பீட்டுக்காரரோடு எட்டு மாதம் மல்லுக்கட்டியது வேறு கதை). எதிர்வீட்டில் ஒரு வயதான தம்பதி, மெக்ஸிகோக்காரர்கள், காப்பீடு இல்லை, கணினியும் தெரியாது. ஏழாவது நாளோ எட்டாவது நாளோ, ஃபீமா சட்டை போட்ட ஒரு பெண் கையில் டேப்லட்டோடு வீடு வீடாக வந்தாள். அவர்கள் வராந்தாவில் ஈர மெத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்பானிஷில் கேட்டுக் கேட்டு விண்ணப்பத்தை முடித்துக் கொடுத்தாள். ஒன்றரை மணி நேரம் இருக்கும். நான் எலுமிச்சைச் சாறு கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இந்த வருடம் அந்த வீடு வீடாகப் போகும் வேலையையே நிறுத்திவிட்டார்கள். செலவு மிச்சமாம். இணையத்தில் விண்ணப்பிக்கலாமே, போன் செய்யலாமே என்கிறார்கள். அந்தத் தாத்தா போன் செய்திருக்க மாட்டார். எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

மசோதாவில் ஒரே விண்ணப்பம் வருகிறது என்று குமரன் எழுதியது சந்தோஷம். நிரப்பிக் கொடுக்க ஆள் வருகிறதா?

ஒரு விஷயம் இங்கே படிப்பவர்களுக்குப் பயன்படும். 'தகுதி இல்லை' என்று முதல் கடிதம் வந்தால் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு காகிதம் குறைவு என்றுதான் அர்த்தம். காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம், வீடு உங்கள் பெயரில் இருப்பதற்குச் சான்று, இப்படி. கடிதத் தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். விடாதீர்கள்.

வேளச்சேரி வாசி · 15 டிசம்பர், இரவு

மீனா மேடம், எங்கள் ஊரில் அந்த வேலையை விஏஓவும் கவுன்சிலர் ஆட்களும் செய்வார்கள், டோக்கனோடு. அதில் உள்ள கூத்து தனி. ஆனாலும் ஒரு ஆள் வாசலுக்கு வருவார்.

கேரி குமரன் · 16 டிசம்பர், காலை

கிளி சார், ஒரு கேள்வி. 2006 சட்டத்தையே சுற்றிவளைத்துத் தாண்டினார்கள் என்றால், 4669ஐ மட்டும் எப்படி மதிப்பார்கள்? ஆகஸ்டில் ஃபீமா ஊழியர்கள், பழையவர்களும் இப்போது இருப்பவர்களுமாக 180க்கு மேல், கத்ரீனாவின் 20ஆம் ஆண்டுக்கு நாலு நாள் முன்னால் காங்கிரஸுக்குக் கடிதம் எழுதினார்கள். பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டவர்களை அடுத்த நாளே கட்டாய விடுப்பில் அனுப்பினார்கள். அவர்களும் இதைத்தானே எழுதினார்கள், கத்ரீனாவுக்குப் பிறகு போட்ட சட்டத்தை மதிக்கவில்லை என்று.

சட்டக்கிளி · 16 டிசம்பர், மதியம்

மதிப்பார்கள் என்று நான் சொல்லவே இல்லை. எழுதும் விதத்தில் ஒரு வித்தியாசம் செய்யலாம். 'குறைக்கக் கூடாது' என்பதற்குப் பதிலாக எண் போடலாம்: இத்தனை ஆள், இந்தத் தேதியில், இல்லையென்றால் இத்தனை நாளுக்குள் காங்கிரஸுக்கு எழுத்தில் காரணம். கோர் தவணையை நீட்டிக்காமல் விட்டால் அதையும் குறைப்பாகவே கணக்கில் எடு என்று ஒரு வரி. செலவு மசோதாவில் இதைப் போட்டால் பல் இருக்கும். தனி மசோதாவில் போட்டால் குழுவிலேயே தூங்கும். பிரிக் வழக்கு ஜெயித்ததும் இதே காரணத்தால்தான். 2018 சட்டம் அந்தத் திட்டத்துக்கான பணம் எங்கே இருந்து வரவேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. நீதிபதிக்குப் பிடிமானம் கிடைத்தது. நல்ல எண்ணத்தை மட்டும் எழுதிய சட்டத்தில் பிடிக்கக் கைப்பிடி இருக்காது.

4669இல் ஆள்பலத்துக்கு அந்த மாதிரிக் கைப்பிடி போதாது என்பது என் கருத்து. இருந்தும் நான் உறுப்பினராக இருந்தால் ஆதரித்துத்தான் வாக்களிப்பேன்.

கவுன்டிக்காரன் · 16 டிசம்பர், இரவு

தணிக்கை அறிக்கையில் இன்னொரு எண் இருக்கிறது. புயல் காலம் தொடங்கிய ஜூன் 1 அன்று, பேரிடர்க் களத்துக்கு அனுப்பும் பிரிவில் நூற்றுக்கு 12 பேர்தான் கையில் இருந்தார்கள். மற்றவர்கள் ஏற்கெனவே வேறு வேறு களத்தில், அல்லது கிடைக்கும் நிலையில் இல்லை. இந்த வருடம் பெரிய புயல் எதுவும் அமெரிக்கக் கரையைத் தாக்கவில்லை. அதிர்ஷ்டம்.

குமரன் முதலில் கேட்டது என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது, போனவர்கள் வருவார்களா என்று. எங்கள் மாநிலத்துக்கு வெள்ள வேலை பார்த்தவர் ஒருவர் இருந்தார். 20 வருட அனுபவம். எங்கள் கவுன்டியில் எந்தச் சிறுபாலம் எந்த வருடம் போயிற்று என்று கோப்பைத் திறக்காமல் சொல்வார். வசந்த காலத்தில், சம்பளத்தை செப்டம்பர் வரை வாங்கிக்கொண்டு விலகலாம் என்று சொன்னபோது எழுதிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பென்ஷனுக்குப் பக்கத்தில் இருந்தார். அவர் இடத்தில் இன்னும் யாரும் இல்லை.

போன மாதம் ஒரு பழைய பாலத்தின் கணக்கில் சிக்கல். வேறு வழி தெரியாமல் அவருடைய சொந்த எண்ணுக்கு அடித்தேன். மகள் வீட்டில் பேரனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் கார்ட்டூன் சத்தம். நாற்பது நிமிடம் பேசி, எந்தப் படிவத்தில் எந்த வரி என்று சொல்லிக் கொடுத்தார். வைக்கும்போது, ஏப்ரலில் பனி உருகும் முன்னால் இன்னொரு தடவை கூப்பிடு, அந்தக் கிழக்குக் கரை மதகைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது என்றார்.

காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.